உள்ளங்கையளவு முகம்

“அசல் யானைத் தந்தம், மேடம். எங்க கொள்ளுப்பாட்டிக்கும் பாட்டி. நூத்தம்பது வருஷத்துப் படம்!”

சுங்கச் சோதனை மேசைக்கு முன்னால் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். மனைவி அந்தச் சின்ன ஓவியத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

விமான நிலையத்தில் எல்லோரும் ‘கருங்கல்’ என்று அழைக்கும் அந்த அதிகாரி அதைத் திருப்பினாள். தந்தத் தகட்டில் நீல உடுப்போடு ஒரு இளம்பெண், யாரையோ முறைத்துக்கொண்டிருந்தாள்.

“அசல்னா வெளிநாட்டுக்குப் போகாது சார். பறிமுதல்தான்.”

அவர் முகம் சுண்டிப்போனது. “அப்போ பிளாஸ்டிக்னு வச்சுக்குங்களேன்!” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “இவதான் மேடம், ஃபாரத்துல ‘தந்தம்’னு கொட்டை எழுத்துல எழுதித் தொலைச்சா. சும்மா இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?”

மனைவி படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

“போன வருஷம் வீடு எரிஞ்சுபோச்சு, மேடம். எங்க பொண்ணும் அதுல போயிட்டா. இது ரிப்பேர் கடையில இருந்ததால தப்பிச்சுது. அப்படியே அவதான். அந்த மூக்கு, அந்த முறைப்பு... அவ படம்னு எங்ககிட்ட மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்.”

அதிகாரி ஒரு ஊசியைச் சூடாக்கி ஓவியத்தின் விளிம்பில் வைத்தாள். பிளாஸ்டிக் என்றால் உருகும்.

ஊசியை எடுத்த இடத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை. அலமாரியில் ஏற்கெனவே அவள் பறிமுதல் செய்த நாற்பது பொருள்கள் பூட்டிக் கிடந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவள் திருப்பிக் கொடுத்ததில்லை.

“உருகுது சார். பிளாஸ்டிக்தான். எடுத்துட்டுப் போங்க.”

“சீக்கிரம் எடுத்துக்கிட்டு வா!” என்றார் அவர் மனைவியிடம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டி வண்டியைத் தள்ளியபடி வெளியே ஓடினார்.

பதினேழு வருஷ வேலையில் எழுதப்போகும் முதல் பொய். அதிகாரி பேனாவைத் திறந்தாள்.

மனைவி மட்டும் நகரவில்லை. ஓவியத்தை மறுபடியும் கவிழ்த்து, அதிகாரியின் பக்கமாக நகர்த்தினாள்.

“தினமும் இந்த முகத்தைப் பாத்துட்டு என்னால இருக்க முடியாது. அசல்னே எழுதிடுங்க, மேடம்.”