ஒரு டப்பா சீர்

வெயிலைக் கண்டதும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை.

குன்னூரில் ஒரு வாரமாக மூடுபனி. அன்று காலைதான் விலகியது. கம்பளி, தலையணை, மழைக்கோட்டு, ஈரம் கோத்த செருப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் முற்றத்தில் பரப்பினார். சமையலறை மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்த விதைத்தட்டையும் விட்டுவைக்கவில்லை.

விதைக்கு வெயில் வேண்டாமா?

மத்தியானம் கம்பளியைப் புரட்டிப்போடப் போனபோதுதான் பார்த்தார். மண் வெடித்திருந்தது. வெள்ளை நூலாகத் தலைநீட்டிய முளைகள் சுருண்டு, ஊதினால் பறக்கிற தூசியாகிவிட்டிருந்தன.

பேன்ஸிப் பூவிதை இருட்டில்தான் முளைக்கும் என்று மருமகள் சொல்லியிருந்தாள். "சாக்கை மட்டும் எடுத்துடாதீங்க மாமா" என்றும் சொல்லியிருந்தாள். அவர் அப்போது அந்தச் சாக்கைப் பற்றி ஒரு ஜோக் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஜோக் அவருக்கு ஒரு வியாதி.

மருமகள் ஆக்னஸ் கொடைக்கானல்காரி. வீட்டை எதிர்த்து அவர் மகனைக் கட்டிக்கொண்டவள். அவள் கூப்பிட்டால் அங்கே இன்னும் யாரும் போனை எடுப்பதில்லை. வரும்போது கொண்டுவந்தது மாற்றுத்துணியும் ஒரு தைல டப்பாவும். டப்பாவுக்குள், அவள் அம்மா வளர்த்த பேன்ஸியின் விதை.

"மருமக சீர் கொண்டாந்திருக்கா, இறக்க ஆள் கூப்பிடுங்கப்பா!" என்று வாசலில் நின்று கத்தினார்.

எல்லோரும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள்.

அந்தச் சீர்தான் இப்போது முற்றத்தில் செருப்புக்குப் பக்கத்தில் காய்ந்து கிடந்தது. டப்பாவைத் தட்டித் தட்டி, ஒரு விதை மிச்சமில்லாமல் விதைத்திருந்தாள்.

செருப்பு நன்றாகக் காய்ந்திருந்தது. மாட்டிக்கொண்டு செடி விற்கிற நர்சரிக்கு ஓடினார்.

சாயங்காலம் அவள் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்தாள். சாக்கைத் தூக்கினாள். காலையில் நூலாக இருந்தவை ஆளுக்கு நாலு இலையோடு நின்றன.

"சீக்கிரம் வளந்துடுச்சே மாமா."

"குன்னூர் மண்ணு அப்படிம்மா."

அவள் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தாள். பிறகு சாக்கை உதறி, மடித்து வைத்தாள்.

தப்பித்தோம் என்று நினைத்தார். தன் கெட்டிக்காரத்தனத்தின் மேல் அவருக்கு எப்போதுமே பெரிய மரியாதை.

நாற்றுகளை வீட்டு முன்னால் பாத்தி கட்டி நட்டாள். தினமும் தண்ணீர் ஊற்றினாள். நத்தை பொறுக்கினாள். அவர் பேப்பரை விரித்துக்கொண்டு, ஒரு வரியும் ஓடாமல் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா வீட்டுல என்ன கலர்ல பூக்கும்?"

"பூக்கட்டும் மாமா, பாக்கலாம்."

"இலை ஏதாச்சும் வித்தியாசமாத் தெரியுதா?"

"இலை இலையாத்தான் மாமா இருக்கு."

அவருக்கு ஜோக் வருவது நின்றுபோனது. உடம்புக்கு என்னப்பா என்று மகன் கேட்டான்.

பூத்தது.

மஞ்சள். கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிற பட்டுச்சட்டை மாதிரி, கொஞ்சமும் கூச்சமில்லாத மஞ்சள்.

பேன்ஸிக்கு முகம் உண்டு. கண், புருவம், மீசைகூட உண்டு. பாத்தி முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் பூவாளியோடு வந்தாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார்.

"ஆக்னஸ். அந்தத் தட்டை நான்தான் வெயில்ல வெச்சுட்டேன்மா. இது கடையில வாங்குனது."

"தெரியும் மாமா."

"எப்ப?"

"அன்னிக்குச் சாக்கைத் தூக்குனப்பவே. எங்கம்மாவோடது கருநீலம். நடுவுல மட்டும் துளி வெள்ளை."

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சுமா இத்தனை நாள் தண்ணி ஊத்துன?"

அவள் பூவாளியைச் சாய்த்தாள். மஞ்சள் முகங்கள் ஒவ்வொன்றாக நனைந்தன.

"செடி என்ன மாமா பண்ணுச்சு?"