இரட்டை மிதிவண்டியின் பின்னிருக்கை

மங்கையர்க்கரசி பார்வையற்றவர், ஆயினும் எவ்வூருக்குச் சென்றாலும் அதை முழுவதும் சுற்றிப் பார்க்காமல் திரும்பாதவர். கணவர் திருஞானம் இரட்டை மிதிவண்டியை முன்னிருந்து ஓட்டுவார். அம்மையார் பின்னிருந்து மிதித்தபடியே அவருடைய வருணனையைக் கேட்டுவருவார். படகில் மட்டும் துடுப்பு அம்மையார் கையில்; வழி சொல்வது கணவர்.

இம்முறை ஏரி நகரத்திற்குப் புறப்பட்டபோது, எதிரே இருப்பதையெல்லாம் காதில் சொல்லும் கண்ணாடியை மகள் அணிவித்து அனுப்பியிருந்தாள்.

"வலப்புறம் மூன்று மாடிக் கட்டடம். நிறம் இளஞ்சிவப்பு," என்றது கண்ணாடி.

"அரசி, வலப்பக்கம் ஒரு மாளிகை. நம்ம சம்பந்தியம்மா பட்டுப்புடவை கட்டி நிக்கிற மாதிரியே இருக்கு!" என்றார் திருஞானம்.

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார்.

ஏரிக்கரை மேட்டில் வண்டி திணறியது. "முன்னிருக்கையில் ஒரு முதியவர். இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. வலக்காலால் மட்டும் மிதிக்கிறார்," என்றது கண்ணாடி.

"என்னங்க, கால் வலிக்குதா?"

"நீ ஒழுங்கா மிதிச்சா எனக்கு ஏன் வலிக்கப்போகுது?"

இந்தக் காலோடு இவர் தமக்கு எத்தனை ஊர்களைக் காட்டியிருப்பார் என்று அம்மையார் எண்ணிப் பார்த்தார். கேளாமலே உண்மையைச் சொன்ன கண்ணாடிக்கு மனத்துள் நன்றி கூறி, அதைக் கழற்றிப் பைக்குள் பத்திரமாக வைத்தார்.

"வண்டிய நிறுத்துங்க. மீதி ஊரைப் படகுலயே பாத்துக்கலாம். துடுப்பு நான் போடறேன். நீங்க சொல்லிக்கிட்டே வாங்க."