வழக்கமாகச் சேர்க்கும் சொல்

பில் போடும் கணினி காலையிலிருந்து எழவில்லை. கடைவாசலில் ஆட்கள் முணுமுணுத்தார்கள்.

"நேத்து கடைசியா தொட்டது யாரு?" என்றார் மாமனார்.

கொழுந்தியா தலைகுனிந்தாள். "நான்தாம்ப்பா. பாட்டு கேட்டேன்."

"இந்தக் கணினியை ஓட்டற லினக்ஸ் தன் சாமானைத் தானே அடுக்கி வச்சிருக்கும் மாமா. கண்டவங்க கை வச்சா கலைஞ்சிடும். இவளை இனிமே கல்லாப் பக்கம் விடாதீங்க" என்றார் மாப்பிள்ளை. அந்தக் கணினிக்கு வைத்தியர் அவர்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

மாப்பிள்ளை லினக்ஸை மறுபடி நிறுவினார். கணினி எழுந்தது. பில் நிரலுக்கு வேண்டிய பைத்தான் மொழித் தொகுப்பை, எப்போதும் போல, 'பிப்' என்ற நிறுவியின் வழியாக வெளியிலிருந்து இறக்கப் போனார். இங்கே வைக்காதே என்று கணினி ஆங்கிலத்தில் தடுத்தது. அவர் அதைப் படிக்கவில்லை. கட்டளையின் கடைசியில் எதையோ சேர்த்து அடித்தார்.

"அத்தான், அதுதான் வேண்டாங்குதே. என்ன சேர்க்கிறீங்க?"

"எப்பவும் போடறதுதான். நேத்துகூடப் போட்டேன்."

அவள் குனிந்து அவர் கடைசியில் சேர்த்த ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னாள்.

"'சிஸ்டத்தோட சாமானை உடை'ன்னு போட்டிருக்கீங்க."

மாப்பிள்ளையின் விரல் எண்டர் பட்டன் மேலேயே நின்றது. கொழுந்தியா பக்கம் மட்டும் அவரால் திரும்ப முடியவில்லை.