இழை மாவு

“வியர்வை. கை நடுக்கம். கண் இருட்டுதல். காரணமில்லாத கோபம்.”

டாக்டர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்த முத்துராமனின் பேனா, கோபத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது.

செக்காலை ரோட்டில் ஒரு மாடியறை. மருந்துக்கடைக்காரர்களுக்காக நடக்கும் மாலை வகுப்பு. பகலெல்லாம் ஜவுளிக்கடையில் துணி கிழிக்கும் முத்துராமனுக்கு அங்கே என்ன வேலை என்று பலரும் கேட்டுவிட்டார்கள். ஆத்தா சொல்லித்தான் சேர்ந்தான்.

எலும்பு முடிந்து, தசை முடிந்து, இதயம் முடிந்து, இன்றுதான் நாளமில்லாச் சுரப்பிகள். புத்தகத்தை முன்கூட்டியே புரட்டிப் பார்த்திருக்கலாம். வரிசையைக் குலைத்துப் படித்தால் தப்பாகப் புரிந்துகொள்வோமோ என்று அவனுக்குப் பயம்.

கரும்பலகையில் கணையம் ஒரு வெள்ளரிப் பிஞ்சு மாதிரி கிடந்தது. அதற்குள் சின்னச் சின்னத் திட்டுகள். அவை சுரக்கும் இன்சுலின் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைக் குறைக்கும். சுரக்காதவர்களுக்கு ஊசியில் போட வேண்டும்.

“ஊசியைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சர்க்கரை அடியோட இறங்கிரும். இப்ப எழுதினீங்களே, அதெல்லாம் அதோட அறிகுறி. அப்புறம் மயக்கம். அதுக்கப்புறம் எழுப்புறது கஷ்டம்.” டாக்டர் சாக்பீஸைக் கீழே வைத்தார். “அதுக்கு முந்தியே வாயில கொஞ்சம் சர்க்கரையோ வெல்லமோ போட்டுட்டா பிழைச்சுக்குவாங்க.”

“அப்ப சார், சர்க்கரை வியாதிக்காரவுக மடியில மிட்டாயைக் கட்டிக்கிட்டுத்தான் திரியணுமாக்கும்?” என்றான் பக்கத்தில் இருந்த சாதிக் அலி.

வகுப்பு சிரித்தது.

“ஆமா,” என்றார் டாக்டர், சிரிக்காமல்.

தான்தான் தப்பாக எழுதிவிட்டோமோ என்று முத்துராமன் சாதிக் அலியின் நோட்டை எட்டிப் பார்த்தான். அங்கேயும் வெல்லம் என்றுதான் இருந்தது.

தங்கை நாச்சம்மைக்குப் பதினாறு வயதில் சர்க்கரை வியாதி வந்தது. காலையில் எழுந்ததும் கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து மருந்து ஏற்றிப் போடுவது ஆத்தாவின் வேலை. ஊசியை ஒருநாளும் விடக்கூடாது, இனிப்பைக் கண்ணில் காட்டக்கூடாது. வீட்டில் எல்லோர் மனத்திலும் பதிந்திருந்தது அந்த இரண்டும்தான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், பிள்ளையார் நோன்பு. எல்லோரும் விரதம் இருக்க நான் மட்டும் தின்பதா என்று நாச்சம்மையும் பட்டினி கிடந்தாள். ஊசி மட்டும் தவறவில்லை.

அந்தியில் வளவு முற்றத்தில் பிள்ளையாருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். வெல்லமும் நெய்யும் விட்டுப் பிசைந்த மாவில் நூல்திரியைச் செருகி, கொளுத்தி, ஆளுக்கொன்றாகக் கையில் தருவார்கள். சுடரோடு அதை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் இழை எடுப்பது.

மார்கழிக் குளிரில் நாச்சம்மைக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. நீட்டிய கை ஆடியது.

“எம் பங்கைக் குடுங்களேன், கண்ணு இருட்டுது.”

வெல்லத்துக்காக நடிக்கிறாள் பார் என்று வீடே சிரித்தது. அவளுக்கு வந்த கோபத்தைப் பார்த்து இன்னும் சிரித்தது.

அவள் பங்கு அவள் வாய்க்குப் போய்ச் சேரவில்லை.

விடிவதற்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நோன்பு இல்லை. ஆத்தாவுக்கு ஒரே கேள்விதான். மருந்தைக் கூட்டிப் போட்டுவிட்டேனா, குறைத்துப் போட்டுவிட்டேனா? அதைத் தெரிந்துகொண்டு வந்து சொல்வதற்காகத்தான் மகனை அந்த வகுப்புக்கு அனுப்பினாள்.

முத்துராமன் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

ஆத்தா முகப்பில் நின்றாள்.

“அந்தப் பாடம் வந்திருச்சா?”

“வந்திருச்சு, ஆத்தா.”

அவள் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். “என் கைதானா?”

ஊசி சரி. பட்டினியில் போட்டதுதான் சேரவில்லை. அப்படிப் பிரித்துச் சொன்னால் அதில் பாதியை அவள் தன் தலையில் ஏற்றிக்கொள்வாள். எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லியே பழகியவன் அன்று நடுவில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டான்.

“உங்க கை இல்லை. நீங்க சரியாத்தான் போட்டீக.”

“என் மேல ஆணையாச் சொல்லு.”

“உங்க மேல ஆணை.”

ஆத்தா தூணோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். அழுது ஓய்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது, அவன் பார்த்து வெகுநாளான ஒரு முகம் வெளியே வந்தது.

“இந்த வருசம் நோன்பு கும்பிடுவோம்யா,” என்றாள். “அன்னைக்கு அவளுக்கு ஆகாதுன்னு, அவ கைக்கு வந்த மாவைப் பிடுங்கி நீ வாயில போட்டுக்கிட்டியே, எம்புட்டுப் பாசம் உனக்கு அவ மேல! இந்தத் தடவையும் அவ இழையை நீயே எடுத்துக்க.”

முத்துராமன் தலையை ஆட்டினான்.

அந்த வருட நோன்பன்று அவனுடையதும் அவளுடையதுமாக இரண்டு சுடரும் சேர்ந்து வாய்க்குள் அணைந்தபோது நாக்கு சுடவில்லை. மாவு நன்றாகத் தித்தித்தது.