பதினோரு பீஜ்

"எல்லாம் ஒரே கலர்தானே சார்?" என்றார் பெயின்ட் கடைக்காரர், வெளிர்பழுப்பில் நான்கு பீஜ் அட்டைகளைப் பரப்பி.

"இதை என் மனைவி முன்னாடி சொல்லிடாதீங்க. பதினோரு பீஜ் பார்த்து, மூணு வாரம் யோசிச்சு ஹால் சுவருக்கு எடுத்த கலர். அதுல இன்னைக்குக் காபியைக் கொட்டிட்டேன். சாயங்காலம் அவ அவங்கம்மா வீட்லேர்ந்து வந்துடுவா" என்றான் கணவன்.

"கலர் பேர் ஞாபகமிருக்கா?"

"பீஜ்னு ஞாபகமிருக்கு."

கடைக்காரர் பரிதாபப்பட்டு மூன்றாவது அட்டையைத் தொட்டார். "இதான் அதிகம் போகும்."

வீட்டுக்கு வந்து பூசியதும் கறை மறைந்தது. ஆனால் காய்ந்ததும் அந்த இடம் மட்டும் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் மாட்டிவிடலாம் என்று சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினான்.

கடிகாரம் இருந்த இடத்தில், அதே தப்பான பீஜில், அவனுடையதைவிடப் பெரிய ஒட்டு ஒன்று இருந்தது.

கடிகாரத்தைப் பழையபடி மாட்டிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தான்.

மனைவி பையைக்கூட இறக்கிவைக்காமல் சுவரைப் பார்த்தாள். "ஏங்க, என்ன இது?"

"கடிகாரத்துக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கே, அதோட தம்பி."

அவள் பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"பெரியவன் எட்டு மாசமா வெளியில தலைகாட்டல. உங்க பிள்ளைக்கு அந்தச் சமத்து இல்லையே!"