ஒப்பீட்டுக்கு வந்த இரண்டு தூசி உறிஞ்சிகள்

விற்பனைப் பெண் ரெஜினா, தாமே நகர்ந்து வேலை செய்யும் இரண்டு தூசி உறிஞ்சிகளையும் மங்கையர்க்கரசியின் கூடத்தில் இறக்கிவைத்தாள். ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்த பின் ஒன்றை வாங்கலாம் என்பது ஏற்பாடு.

“மலிவானது தூசியை எடுக்கும், அவ்வளவுதான்க்கா. விலை கூடினது உங்க முடி, தோல் துகளையெல்லாம் படிச்சு உடம்பு நிலவரத்தைத் தெரிஞ்சுக்கும், யார்கிட்டயும் சொல்லாது. நம்ம வழக்கமும் அதுக்கு அத்துபடி. ஊருக்குப் போறவங்க கிளம்பின உடனே வீட்டைப் பெருக்காது. சாவு எடுத்தா, உடனே கழுவி விட்டுடும்.”

“எங்கம்மாவே தோத்தாங்க போ!” என்று சிரித்தார் கணவர் அறவாழி. இருமல் அச்சிரிப்பைப் பாதியில் நிறுத்திற்று.

விலை உயர்ந்தது கட்டிலுக்கடியிலும் மாசின்றிப் பெருக்கியது. எனினும் அது இருமடங்கு விலைக்குத் தகுமா என்பதில் தம்பதியர் உடன்படவில்லை.

வார இறுதியில் அறவாழி நுரையீரல் அறுவைச் சிகிச்சைக்குப் புறப்பட்டார். மகன் காருடன் கீழே காத்திருந்தான். மங்கையர்க்கரசி மதிய உணவுடன் பின்னர் செல்வதாக இருந்தாள்.

“நான் வந்து எதுன்னு சொல்றேன். அதுக்குள்ள வாங்கித் தொலைச்சிடாத.”

“சரிங்க, நல்லபடியா போயிட்டு வாங்க.”

மலிவானதற்கு வழக்கம் தெரியாதாகையால் அதை அவள் அணைத்தாள். மற்றதை நம்பி அப்படியே விட்டாள்.

மின்தூக்கியின் கதவு மூடிற்று. அதுவரை ஒரு சொட்டு நீரும் சிந்தியிராத அந்த இயந்திரம் மூலையிலிருந்து மெல்ல நகர்ந்து வந்து, அவர் அமர்ந்திருந்த நாற்காலியின் அடியிலிருந்து கூடத்தைக் கழுவத் தொடங்கியது.