பட்டன் மேல் புகார்

"மாமா, அந்த அம்மா வந்துட்டுப் போற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மாமனார் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"திறந்தா?"

"பட்டன் போயிடும்."

பட்டன் நாய். காப்பகத்திலிருந்து தத்து எடுத்து வந்து மூன்று மாதம் ஆகிறது. இன்று காப்பகத்து அம்மா நேரில் வந்து பார்ப்பார். திருப்தியானால் கையெழுத்து, நாய் இந்த வீட்டுக்கே சொந்தம். இல்லையென்றால் கையோடு கூட்டிப் போய்விடுவார்.

மருமகளுக்குக் காலையிலிருந்து நிலை கொள்ளவில்லை. மருந்துக்கடைக்கு லீவு சொல்லியாயிற்று. சோபாவின் பிய்ந்த மூலைக்குப் போர்வை போட்டாயிற்று. கணவன் தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து ஒரு சாக்ஸை எடுத்துப் பிழிந்து, ஒளிக்க இடம் தெரியாமல் தன் பேன்ட் பாக்கெட்டிலேயே திணித்துக்கொண்டான்.

எல்லாம் சரி. மாமனாரை எங்கே ஒளிப்பது?

நாய் வந்த அன்றைக்கே "வந்த வழியே கொண்டு போய் விடு" என்றவர். அதற்கப்புறமும் நாளுக்கு ஒரு புகார். பட்டன் என்று ஒருநாளும் வாயில் வந்ததில்லை. "உன் நாய்", அவ்வளவுதான்.

மணி அடித்தது.

காப்பகத்து அம்மாவைப் பார்த்ததும் பட்டன் மேஜைக்கு அடியில் போய்ப் பதுங்கியது. மூச்சுக் காட்டவில்லை. நல்லதாப் போச்சு என்று நினைத்தாள் மருமகள்.

அந்த அம்மா ஃபைலைப் பிரித்தார்.

"எதையாவது எடுத்துட்டு ஓடுதா?"

"சேச்சே, இல்லைங்க."

"கடிச்சுக் குதறுதா?"

"அந்தப் பேச்சுக்கே இடமில்லைங்க."

"குரைக்குதா?"

"அதுக்குக் குரல் இருக்கான்னே எங்களுக்குச் சந்தேகம்" என்றான் கணவன். மருமகள் அவன் காலை மிதித்தாள்.

"மொத்தத்துல?"

"ஒரு தொந்தரவும் இல்லைங்க. இருக்கிற இடமே தெரியாது."

அந்த அம்மா குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். பேனாவை மூடினார். பைக்குள் கையை விட்டார்.

"பொய்."

பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார் மாமனார்.

"மாமா..."

"சும்மா இரு. எழுதிக்கோம்மா. உன் நாய் ஒரு திருடன். சாக்ஸ்ல ஜோடிக்கு ஒண்ணைத் தூக்கிட்டுப் போய்த் தண்ணியில ஊறப் போடும். நம்பலேன்னா இவன் பாக்கெட்டைப் பாரு, ஈரமா இருக்கும்."

கணவன் பாக்கெட்டைக் கையால் மூடிக்கொண்டான்.

"அப்புறம்?" அந்த அம்மாவின் கை பையிலிருந்து வெளியே வந்தது. பேனா மறுபடி திறந்தது.

"வாஷிங் மெஷின் முன்னாடி உட்கார்ந்து சினிமா மாதிரி பார்க்கும். நின்னுதோ, ஊரைக் கூட்டும். வெறும் மெஷினை ரெண்டு தடவை சுத்தவிட வேண்டியிருக்கு."

"மெஷினை யாரு சுத்தவிட்டது?" என்றாள் மருமகள்.

"குறுக்கே பேசாதே. தனியாச் சாப்பிடாது. பக்கத்துல ஒரு ஆள் தரையில உட்காரணும். இந்த முழங்காலை வச்சுக்கிட்டு உட்கார்றது லேசா? நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறீங்க."

பேனா ஓடியது. "அப்புறம்?"

"முதல்ல குடையைப் பார்த்தாலே நடுங்கும். எவனோ குடையால அடிச்சிருக்கான் படுபாவி. இப்போ அதுவே இழுத்துட்டு வந்து என் காலடியில போடுது. விரிச்சுப் பிடிச்சாத்தான் அடியில படுக்கும். மூணு வாரமா வீட்டுக்குள்ள குடை பிடிச்சுப் பேப்பர் படிக்கிறேன். பைத்தியக்காரன் மாதிரி."

அவர் குரல் ஏற ஏற மேஜைக்கு அடியில் ஒரு வால் தரையைத் தட்டியது. முதலில் மெதுவாக. அப்புறம் படபடவென்று. பட்டன் பாய்ந்து வந்தது. மடித்த பேப்பரைத் தட்டி விட்டது, அதன் மேலேயே மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தது.

"பாத்துக்கோ. நான் படிக்கிற பக்கமாப் பார்த்துத்தான் படுக்கும்."

மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "கெடுத்துட்டீங்களே மாமா."

காப்பகத்து அம்மா கடைசித் தாளைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். கிழித்து நீட்டினார்.

"இனிமே உங்க நாய்தான்."

மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. கணவன் தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தான்.

"இதுக்கு முன்னாடி மூணு வீட்டுக்குப் போய் வந்த நாய்ம்மா இது. எங்கேயுமே ஒரு தொந்தரவும் இல்லைன்னுதான் சொன்னாங்க. போய்ப் பார்த்தா, மூலையில ஒடுங்கிக் கிடக்கும். பயந்த நாய் தொந்தரவு பண்ணாது. நீங்களும் அதையே சொன்னீங்களா, கூட்டிட்டுப் போகப் பையிலிருந்து கயித்தை எடுக்கப் போனேன். பெரியவர் காப்பாத்தினார்."

"நான் புகார்தான் சொன்னேன்" என்றார் மாமனார். எங்கோ பார்த்துக்கொண்டு.

அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். வாசற்படியில் நின்று திரும்பினார்.

"மறந்தே போச்சுங்க ஐயா. எங்க டாக்டர் ஒரு சேதி சொல்லச் சொன்னார். தினம் காலையில போன் பண்ணி, 'பட்டன் இன்னிக்கு இப்படிப் பண்றான், பயம் தெளிஞ்சுட்டானா'ன்னு கேக்கறீங்களாமே. இனிமே வாரத்துக்கு ஒரு தடவை பண்ணாப் போதுமாம்."